சீட்டு தப்பு என்று நான் சொன்ன நாள்

போன வாரம் சீட்டு பார்க்கிற நம் குழுவில் ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "ஆமாவா இல்லையா கேள்விக்குச் சூரியன் வந்தால் எப்போதும் ஆமாம்தானே?" கீழே நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தீர்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். புத்தகப்படி அது சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து ஒரு குடும்பத்தின் முகங்கள் கண்முன் வந்து நிற்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என்னை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். கம்பெனியை மூடிய பிறகு டாரட் சீட்டு பார்க்கக் கற்றுக்கொண்டு, சென்னீர்குப்பத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் பெங்களூர் ரோட்டு லாரிச் சத்தம், மூடினால் புழுக்கம். கண்ணில் புரை விழுந்து சீட்டின் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கியதும் தொழிலை நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் பெரும்பாலும் போனிலும் வீடியோவிலும் சீட்டு பார்க்கிறீர்கள். ஒரு கேள்வி, ஒரு சீட்டு, ஒரு பதில். நானும் அதைத்தான் அதிகம் செய்தேன். ஷேர் ஆட்டோ வாங்கலாமா, திருமழிசையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போகலாமா, பொண்ணு வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிடுவார்களா. இப்படிக் கேட்டு வருகிறவர் மனதுக்குள் முக்கால்வாசி முடிவெடுத்துவிட்டு, மீதிக் கால்வாசிக்கு நம்மிடம் வருகிறார். சூரியன் வந்தால் ஆமாம், இடிந்து விழும் கோபுரம் வந்தால் இல்லை, தலைகீழாகத் தொங்குகிறவன் வந்தால் பொறுத்திரு. சொல்லி அனுப்பினால் சந்தோஷமாகப் போவார்கள். சொன்னது தப்பாகப் போனாலும் பெரிய சேதம் இல்லை. ஷேர் ஆட்டோ ஓடாவிட்டால் விற்றுக்கொள்ளலாம்.

பார்த்திபன் அப்படித்தான் எனக்குப் பழக்கம். நெமிலிச்சேரிக்காரன், குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன். தனியாகக் கடை போடலாமா என்று ஒருமுறை வந்து கேட்டான். சூரியன் வந்தது, போடு என்றேன். கடை நன்றாக ஓடியது. அதிலிருந்து என் மேல் அவனுக்கு ஒரு பக்தி. வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு" என்று பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துச் சொல்வான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவன் படியேறி வந்தான். பின்னால் ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கசங்கிய புடவை, எண்ணெய் காணாத தலை. கையில் ஒரு ஆஸ்பத்திரி பாஸை மடித்து மடித்துச் சுருட்டி வைத்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணி கா," என்றான் பார்த்திபன். "சுமதி. அண்ணன் சம்சாரம். ஒரே கேள்வி. எங்க அண்ணன் எழுந்துருவானா? ஆமாவா இல்லையா, அவ்ளோதான்."

"இன்னா ஆச்சு அண்ணனுக்கு?"

"அது அப்பறம் சொல்றேன் கா. சொன்னா நீங்க அதுக்கேத்த மாதிரி எதுனா சொல்லிடுவீங்க. எதுவும் தெரியாம எடுங்க. அப்பதான் சீட்டு நெஜத்த சொல்லும்."

அவன் கண்கள் சிவந்திருந்தன. பல நாளாகத் தூங்காத ஆள் என்று தெரிந்தது. அப்போதுதான் ஒருவருக்குப் பார்த்து முடித்திருந்ததால் சீட்டுகள் மேசை மேல் கவிழ்த்து விரித்தபடி இருந்தன. "விஷயம் தெரியாம எடுக்க மாட்டேன் பார்த்தி. உடம்பு சம்பந்தமான கேள்வின்னா நான் எடுக்கறதே இல்ல, உனக்கே தெரியும்," என்று சொல்லிக்கொண்டே சீட்டுகளைச் சேர்க்கக் கையை நீட்டினேன்.

அதற்குள் அவன் கை முந்திவிட்டது. விரிப்பின் நடுவிலிருந்து ஒன்றை உருவித் திருப்பிப் போட்டான்.

சூரியன். வெள்ளைக் குதிரை மேல் துணியில்லாத குழந்தை, பின்னால் மதில், மதிலுக்கு மேல் சூரியகாந்திப் பூக்கள், அவற்றுக்கு மேல் அந்தப் பெரிய முகம்.

"சூரியன் கா," என்றான். "எனக்கு வந்த அதே சீட்டு. பாத்தீங்களா அண்ணி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான். "ம்மா, அண்ணன் எழுந்துருவான் மா. ஆமா, அக்கா கிட்டதான் கீறேன். சூரியன் வந்துகீது. நீ யாருக்கும் இன்னா பதிலும் சொல்லாத. நாங்க வந்துனே கீறோம்."

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நாம் பேசும் பேச்சு நம் அறைக்குள் இருக்கும் வரைதான் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அன்று அந்தச் சீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தாய்க்குப் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பெயரில்.

சுமதி அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சீட்டு வந்தும் திரும்பிப் பார்க்காத ஆளை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"பார்த்தி, கீழ போயி மூணு டீ சொல்லு," என்றேன். அவன் போனில் பேசிக்கொண்டே இறங்கினான். கதவைச் சாத்தினேன்.

"நீ சொல்லு மா. இன்னா ஆச்சு?"

பாஸை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். புருஷன் பெயர் ஏழுமலை. திருமழிசையில் ஒரு பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது பைபாஸில் ஒரு லாரி உரசித் தூக்கிப் போட்டது. தலையில் அடி. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் வைத்திருக்கிறார்கள். நான்கு டாக்டர்கள் சேர்ந்து, இடைவெளி விட்டு இரண்டு முறை சோதித்துவிட்டு, மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய உறுப்புகளை மற்றவர்களுக்குத் தர விருப்பமா என்று காலையில் கேட்டிருக்கிறார்கள். சம்சாரம் என்பதால் கையெழுத்து அவள்தான் போட வேண்டும். யோசித்து இன்றைக்குள் சொல்லுங்கள் என்றார்களாம்.

"நான் கையெழுத்து போட்டா, நான்தான் அவர கொன்னேன்னு ஆவும் கா," என்றாள். "போடலன்னா அவரு இப்டியே கெடப்பாரு. எத்தினி நாள் கெடப்பாரோ. அத்த சொல்லுது, நீ கையெழுத்து போட்டா எங்கூட பேசாதன்னு. பார்த்தி இங்க இட்டாந்துட்டான்."

"உனக்கு இன்னா தோணுது?"

"அவரு கை சூடா கீது கா. தொட்டுப் பாத்துட்டுதான் வந்தேன். நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. சூடா கீற கைய எப்டி செத்துப்போச்சுன்னு சொல்றது?"

என் முன்னால் சூரியன் மல்லாந்து கிடந்தது.

உங்களில் சிலர் இதே நிலையில் ஒருநாள் உட்காருவீர்கள். அதனால் அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் தோன்றியது சுலபமான வழி. சூரியன் என்றால் ஆமாம், நம்பிக்கையோடு போ என்று சொல்லிவிடலாம். அவள் கையெழுத்துப் போட மாட்டாள். பழியும் அவள் மேல் வராது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அவன் இதயம் தானாக நின்றுவிடும். அதுவரை ஒரு குடும்பம் அவன் விரலையும் இமையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று தோன்றியது. அதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது அழகாக இருந்தது. குழந்தை உடம்பில் துணி இல்லை, கொண்டுவந்ததையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டது. மதிலைத் தாண்டிக் குதிரை போகிறது. எழுந்துவிட்டான் அம்மா, ஆனால் இந்தப் படுக்கையிலிருந்து இல்லை, வெளிச்சத்துக்கு எழுந்துவிட்டான், உன்னிடம் விடைபெற நிற்கிறான். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் அவள் அழுது, என் கையைப் பிடித்துக்கொண்டு, போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாள். நீங்கள் குழுவில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறீர்களே, அந்த மாதிரி விளக்கம். என்னுடைய சாமர்த்தியமும் பல வருஷமாக அதில்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? அவள் சுருட்டி வைத்திருந்த அந்த பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இன்றைக்கு என்ன செய்தாலும் சாகும்வரை அதோடுதான் இருக்கப் போகிறாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று வீட்டில் கேட்பார்கள். ராத்திரி படுத்தால் அவளே கேட்டுக்கொள்வாள். சீட்டு பார்க்கிற பொம்பளை குதிரை, மதில் என்று என்னமோ சொன்னாள், அதனால் செய்தேன் என்பதா அவளுக்குப் பதிலாக இருக்க வேண்டும்? அதில் எத்தனை நாள் நிற்க முடியும்?

சீட்டை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

"சுமதி, இந்தச் சீட்டுக்கு உன் ஊட்டுக்காரர தெரியாது," என்றேன். "எனக்கும் தெரியாது. அந்த நாலு டாக்டருங்க பாத்துகீறாங்க. எழுந்துருவாரான்னு நீ அவங்கள கேட்டியா?"

"எல்லாம் சொன்னாங்க கா."

"சொன்னாங்க சரி. நீ கேட்டியா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. "அத்தகிட்டயும் பார்த்திகிட்டயும்தான் பேசினாங்க. நான் பின்னாடி நின்னுனு இருந்தேன். பாதி இங்கிலீஷு. புரியல. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க, நானும் ஆட்டுனேன்."

"எங்கிட்ட கேக்க வந்தத அங்க போயி கேளு. அதே மாதிரி கேளு, ஆமாவா இல்லையான்னு."

"தனியா கேக்க பயமா கீது கா. நீங்க வரீங்களா?"

கேட்க வருகிறவரோடு அறையை விட்டு வெளியே போகாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நானும் உங்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் என் பெயரில் ஒரு பதில் ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கீழே பார்த்திபன் டீயோடு நின்றான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். "அதான் சீட்டு சொல்லிச்சே கா," என்றான். அவன் பைக்கில் முன்னால் போனான். நாங்கள் ஆட்டோவில் ஏறினோம். வேலப்பன்சாவடி வரை சுமதி கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். மதுரவாயல் பாலத்துக்குக் கீழே வண்டிகள் நெரிசலில் நின்றபோது அழத் தொடங்கினாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் முதுகில் கை வைத்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு நான் அங்கே இருந்த வரை அவள் அழவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். சுமதி அவர் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், அவரு எழுந்துருவாரா? ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"இல்லம்மா," என்றார் அவர்.

அவ்வளவுதான். முகத்தைத் திருப்பவில்லை. கையில் இருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. 'ஆனால்', 'இருந்தாலும்' என்று எதையும் பின்னால் ஒட்டவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்லம்மா."

நானும் எத்தனையோ தடவை "இல்லை" சொன்னவள்தான். இப்போதைக்கு இல்லை, வேறு வழி திறக்கும், கிரகம் மாறினால் வரும் என்று ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு மிட்டாய் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன். இல்லை என்பதை இப்படிச் சொல்லலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கை சூடா கீதே," என்றாள் சுமதி.

டாக்டரம்மா அவளை பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெஷின் காத்த உள்ள அனுப்புது. அந்தக் காத்து இருக்கற வரைக்கும் இதயம் கொஞ்ச நேரம் தானா அடிக்கும். ரத்தம் ஓடறதால கை சூடா இருக்கு. மூச்சு விடச் சொல்ற மூளை நின்னுபோச்சு. அது திரும்ப வராது. அவர் போயிட்டாரும்மா. நாங்க ரெண்டாவது தடவ பாத்தப்பவே போயிட்டாரு."

"நான் கையெழுத்து போட்டா?"

"நீங்க போட்டாலும் போடாட்டியும் அவர் எழுந்துக்கப் போறதில்ல. நீங்க அவரக் கொல்லல. உறுப்பு தரது உங்க இஷ்டம். வேணாம்னு சொன்னா யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க."

சுமதி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "உள்ள போயி பாக்கலாமா?" என்று கேட்டாள். கூட்டிப்போனார்கள்.

நான் வராந்தாவில் தனியாக நின்றேன். அப்போதுதான் அந்த அம்மா என்னிடம் வந்தார். ஏழுமலையின் தாய், பவுனம்மா. நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு துணிப்பை. பார்த்திபன் என்னைக் காட்டி, "இவங்கதான் மா அந்த அக்கா," என்றான். சுற்றிச் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து வந்தார்கள். பவுனம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம் புள்ள எழுந்துருவான்னு நீதான் சொன்னியாமே யம்மா. நல்லா இரு. எழுந்தா கட்றதுக்கு லுங்கி, சட்டை எல்லாம் எடுத்தாந்துட்டேன்."

பையின் வாயைப் பிரித்துக் காட்டினார். துவைத்து மடித்த நீலச் சட்டை.

"நான் அப்டி சொல்லல மா," என்றேன்.

"நீ சொல்லலன்னா இன்னா, சீட்டு சொல்லிச்சே. சூரியன் வந்துச்சாமே."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நம் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். சீட்டு தப்பாது, பார்க்கிறவர்தான் தப்புவார் என்று. அதை நானும் நம்பினேன், பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பேச்சை அங்கே பிடித்துக்கொண்டிருந்தால், சீட்டு வேறு எதையோ சொன்னது, பார்த்திபன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தொழிலும் தப்பித்திருக்கும். ஆனால் அந்தத் தாய் "வேறு எதையோ" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பார்.

"சீட்டு தப்பு மா," என்றேன். "டாக்டருங்க சொன்னதுதான் சரி. உங்க புள்ள போயிட்டாரு."

அவர் என் கையை விட்டார். கத்தவில்லை. கையை விட்டுவிட்டு, அந்தப் பையின் வாயை மறுபடி மடித்துச் சுருக்கினார். பார்த்திபன்தான் பேசினான். "போங்க கா. இங்க இருந்து போங்க," என்றான். "அண்ணிய இன்னாமோ சொல்லி மாத்தி இட்டாந்துட்டீங்க. நான் உங்கள எப்டி நம்புனேன்." ஒரு பெரியவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் படியிறங்கி வந்து பஸ் ஏறினேன்.

சுமதி அன்று சாயங்காலம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உள்ளே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்திருக்கிறாள். வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், "குடுத்துடலாம்" என்றாளாம்.

அதற்குப் பிறகு நெமிலிச்சேரிப் பக்கத்திலிருந்து என்னிடம் யாரும் வரவில்லை. சீட்டே தப்பு என்று தானே சொன்ன பொம்பளை என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மைதானே. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வருத்தம் இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் அறையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். பவுனம்மா தனியாகப் படியேறி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு கேள்வி கீது," என்றார். "ஆமாவா இல்லையா."

"சொல்லுங்க மா."

"அவ கையெழுத்து போட்டப்போ எம் புள்ள உசுரோட இருந்தானா? எடு."

சீட்டுக்கட்டு எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. அதன் மேல் கையை வைத்தேன்.

"எடுக்க மாட்டேன் மா."

"ஏன்? அன்னிக்கி தப்பா சொன்னது இன்னிக்கி சரியா சொல்லட்டுமே."

"இது சீட்டு கேட்டு தெரிஞ்சிக்கற விஷயம் இல்ல மா. எது வந்தாலும் நீங்க ஊட்டுக்கு போயி சுமதிகிட்டதான் சொல்லுவீங்க."

"சொன்னா இன்னா?"

"ஆமான்னு வந்தா அவ அந்த ஊட்ல எப்டி உசுரோட இருப்பா?"

வெளியே ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்தச் சீட்டுக்கட்டை என் கைக்குக் கீழேயிருந்து அவர் பிடுங்கியிருந்தால் நான் தடுத்திருக்க முடியாது. ஒருதரம் அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் சீட்டுக்கட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இதைக்கூட உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எடுக்க மாட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது.

"ஒரே ஊட்லதான் கீறோம்," என்றார் அவராகவே. "எங்கனா போன்னு சொல்லிப் பாத்தேன். போவல. சோறாக்கி மூடி வெச்சிட்டு வேலைக்கு போயிடறா. நான் துன்றேன். பேசறதில்ல. எம் புள்ளைய பிரிச்சி பிரிச்சி குடுத்தவகிட்ட இன்னாத்த பேசறது?"

"அம்மா," என்றேன். "சீட்டு இல்லாம நான் சொல்லவா? கேக்கறீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உசுரோட இல்ல மா. அவ கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொல்ல முயன்றேன். முகத்தைத் திருப்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

"நீ இன்னா டாக்டரா?"

"இல்ல. டாக்டர் சொன்னப்போ பக்கத்துல இருந்தேன். சுமதி கேட்டா, அவங்க சொன்னாங்க. ரெண்டையும் என் காதால கேட்டேன்."

"அவ கேட்டாளா?"

"எழுந்துருவாரான்னு கேட்டா. கொஞ்சங்கூடவான்னு கேட்டா. கை சூடா கீதேன்னு கேட்டா."

பவுனம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு மெல்ல எழுந்து கதவு வரை போனவர், திரும்பாமலே கேட்டார்.

"அழுதாளா?"

"அங்க அழல மா. வர வழியில ஆட்டோல அழுதா. முந்தானைய வாயில வெச்சிகினு அழுதா."

"எங்க முன்னாடி ஒரு சொட்டு கண்ணீரு உடல அவ," என்றார். "கல்லுன்னு நெனச்சேன்." படியிறங்கிப் போய்விட்டார்.

அவரைத் திருப்பி அனுப்பிய அந்தக் காலைதான் என் தொழிலில் நான் செய்த உருப்படியான வேலை என்று சில நேரம் தோன்றும். சில நேரம், ஒரு கிழவிக்கு ஒரு சீட்டைக்கூட எடுத்துக் கொடுக்காமல் வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என்றும் தோன்றும். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து சுமதி போன் செய்தாள். என் நம்பர் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. பட்டாபிராமில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். பார்த்திபன் தனியாகப் போய்விட்டான், வீட்டுப் பக்கம் வருவதில்லை என்றாள்.

"அத்த உங்ககிட்ட வந்துச்சா கா?"

"வந்தாங்க."

"அன்னிக்கி நான் வேல முடிஞ்சி வந்தேன். வாசல்ல ஒக்காந்துனு இருந்துச்சு. என்ன பாத்து, 'ஆட்டோல அழுதியாமே'ன்னு கேட்டுச்சு. அவரு போனதுக்கு அப்பறம் எங்கிட்ட பேசுன மொத பேச்சு கா அது."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல கா. ரெண்டு பேரும் உள்ள போயிட்டோம்."